கடுங்குளிரில் சிறு பறவைகள்: நீங்கள் நேரில் கண்டவை

வெண்பனி:
அன்று காலை மைனஸ் 31 டிகிரி. தீனித்தட்டில் விதை நிரப்பப் போனபோது, கம்பியின் மேல் சிக்கடி என்னும் வட அமெரிக்கச் சிறு குருவி ஒன்று சிறகைச் சிலிர்த்துக்கொண்டு பஞ்சுருண்டையாக உட்கார்ந்திருந்தது. கைக்கெட்டும் தூரம் நெருங்கியும் பறக்கவில்லை. வால் ஒருபுறமாக வளைந்திருந்ததால் அடிபட்டிருக்கிறது என்று எண்ணி, கையுறையைக் கழற்றிவிட்டு அதை அள்ளினேன். உள்ளங்கையில் எடையே தெரியவில்லை. ஆனால், தையல் இயந்திரம் ஓடும் மேசையில் கை வைத்தாற்போல் அதன் உடம்பு முழுவதும் சன்னமாக அதிர்ந்துகொண்டே இருந்தது. வீட்டுக்குள் கொண்டுபோய்த் துண்டில் வைத்தேன். சிறிது நேரத்தில் எழுந்து சன்னல் கண்ணாடியில் இருமுறை மோதியது. பதறிப்போய்க் கதவைத் திறந்தேன், பறந்துவிட்டது. அது பிழைத்ததா என்பது தெரியாமல் இரண்டு குளிர்காலங்களாக மனம் உறுத்துகிறது.

மாலைநேரம்:
நான் கண்டவை ரென் குருவிகள். கோடை முடிந்தும் கழற்றாமல் விட்ட கூட்டுப்பெட்டிக்குள் பொழுது சாயும் வேளையில் அவை ஒவ்வொன்றாக நுழைந்தன. பதினான்கு வரை எண்ணினேன். பதினைந்தாவது குருவி தலையை மட்டும் நுழைத்து, வால் வெளியே துடிக்க, இடம் கிடைக்காமல் நெடுநேரம் முட்டிக்கொண்டிருந்தது. பின்பு எப்படியோ உள்ளே போய்விட்டது. ஏறத்தாழ 10 கிராம் எடையுள்ள உடம்பு, தன் பருமனுக்கு மிகுதியான பரப்பின் வழியே வெப்பத்தை இழந்துகொண்டே இருப்பதால், நெருங்கி அடைவதுதான் அதற்குப் போர்வை. இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் 1969ஆம் ஆண்டு ஒரே பெட்டியில் 61 ரென்கள் அடைந்திருந்த பதிவு உண்டு.

கிளைநிழல்:
பனிப்புயல் அடித்த ஒரு நாள் நான் தட்டை நிரப்ப மறந்துவிட்டேன். ஜுங்கோ என்னும் சிறு குருவி ஒன்று வெறுந்தட்டைக் கொத்திய ஓசை இன்னும் காதில் இருக்கிறது. என் அனுபவம் அவ்வளவுதான்.

ஆனால் வெண்பனி செய்தது தவறு என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். நீங்கள் உணர்ந்த அதிர்வு நோயன்று. மார்புத் தசைகளை நடுங்கச் செய்துதான் பறவை வெப்பத்தை உண்டாக்குகிறது. பகலில் தின்று சேர்த்த கொழுப்பை இரவில் எரிக்கும் சிக்கடி, அதையும் சிக்கனப்படுத்த, 42 டிகிரியளவில் இருக்கும் தன் உடல் வெப்பத்தைப் பத்து டிகிரிக்கு மேலும் தாழ்த்திக்கொள்ளும். அதனால் விடியலில் மந்தமாக இருப்பது இயல்பே. பிடித்தால் வரும் அச்சமே அதன் மிச்சக் கொழுப்பைத் தின்றுவிடும். உதவ விரும்புவோர் விடியலிலும் அந்திக்கு முன்பும் தட்டு காலியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சூரியகாந்தி விதையும் உப்பிடாத நிலக்கடலையும் மாட்டுக்கொழுப்பும் போதும். சமையல் எண்ணெய் வேண்டாம். அது இறகில் ஒட்டினால், இறகுகளுக்கிடையே காற்றைப் பிடித்துவைக்கும் பஞ்சுத்தன்மை போய்விடும். தண்ணீர் உறையாமலிருக்க அதில் எதையும் கலக்காதீர்கள், சூடேற்றும் தொட்டியை வையுங்கள்.

மாலைநேரம்:
கிளைநிழல், நீங்கள் சொன்ன உண்மைகளை மறுக்கவில்லை. ஆனால் அசையாத பறவையை ஓரடி தூரத்தில் பார்த்தவரின் பதற்றத்தைத் தவறு என்று ஒரே சொல்லில் தள்ளுவதை ஏற்க முடியவில்லை. அந்த வாலைப் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே. வெண்பனி, சிக்கடிகள் ஒடுங்கிய மரப்பொந்துகளில் இரவைக் கழிப்பதால், காலையில் வாலிறகுகள் பொந்தின் வளைவிலேயே மடிந்திருப்பதுண்டு. நீங்கள் கண்டது பெரும்பாலும் அதுவாகவே இருக்கும்.

வெண்பனி:
இதைப் படித்தவுடன் வெளியே போய்ப் பார்த்தேன். பின்புறம் பட்டுப்போய் நிற்கும் பிர்ச் மரத்தில், என் தலைக்குச் சற்று மேலே, இரண்டு விரல் நுழையும் அளவில் ஒரு பொந்து இருக்கிறது. அதன் விளிம்பில் சாம்பல் நிறத் தூவி ஒன்று ஒட்டியிருந்தது. வசந்தத்தில் அந்த மரத்தை வெட்ட ஆள் சொல்லி வைத்திருந்தேன். வேண்டாம் என்று இன்று சொல்லிவிட்டேன்.