தாம்பரம் ஈஸ்ட்டா வெஸ்ட்டா, எங்க வீடு பாக்கலாம்?

மலைக்கோட்டைக்காரன்:
வணக்கம் மக்களே, அடுத்த மாசம் திருச்சியில இருந்து குடும்பத்தோட சென்னைக்கு வர்றோம், ஆபீஸ் கிண்டில. சிட்டிக்குள்ள வாடகை நமக்கு கட்டுப்படி ஆகாது, அதனால தாம்பரம் பக்கம்னு முடிவு பண்ணியாச்சு. ஆனா புரோக்கர்கிட்ட பேசினா எடுத்தவுடனே ஈஸ்ட்டா வெஸ்ட்டான்னு கேக்குறாரு, எனக்கு அது ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னே தெரியல. கூட அம்மா வர்றாங்க, வீசிங் தொந்தரவு உண்டு, ஆஸ்பத்திரி கிட்ட இருக்கணும். முடிச்சூர் பக்கம் ஒரு வீடு போட்டோல நல்லா இருக்கு, வாடகையும் கம்மி. மழைக்கு அந்த ஏரியா எப்படி?

சேலையூர்வாசி:
ப்ரோ நடுவுல ரயில்வே லைன் ஓடுது, அதுதான் ஈஸ்ட் வெஸ்ட். ஜிஎஸ்டி ரோடு, பஸ் ஸ்டாண்டு, சண்முகம் ரோடு மார்க்கெட், முடிச்சூர் ரோடு எல்லாம் வெஸ்ட். கிறிஸ்டியன் காலேஜ், ஏர்ஃபோர்ஸ், சேலையூர், கேம்ப் ரோடு, வேளச்சேரி ரோடு எல்லாம் ஈஸ்ட். காலேஜ் 1937ல இங்க வந்தது, 300 ஏக்கருக்கு மேல காடு, அந்தப் பக்கம் போனாலே வெயில் தெரியாது. அம்மாவுக்கு அடுத்த ஸ்டேஷன் சானடோரியம்ல நெஞ்சக நோய் அரசு ஆஸ்பத்திரி இருக்கு, ஊர்ல டிபி ஆஸ்பத்திரின்னு தான் சொல்லுவாங்க ஆனா ஆஸ்துமாவும் பாக்குறாங்க. பக்கத்துலயே தேசிய சித்த மருத்துவ நிறுவனம். கிண்டிக்கு நேரா லோக்கல் ட்ரெயின், தாம்பரத்துலயே கிளம்புற வண்டி நிறைய இருக்கு, அதுல ஏறுனா உக்காந்தே போகலாம்.

நடைமேம்பாலம்:
வெஸ்ட்ட விட்டுட்டீங்களே. ஊருக்குப் போற ஆளுக்கு வெஸ்ட் தான் வசதி, 2023 டிசம்பர்ல கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டு திறந்ததுல இருந்து திருச்சி பஸ்ஸெல்லாம் அங்க இருந்துதான், ஜிஎஸ்டில நேரா போயிடலாம். காய்கறிக்கு சண்முகம் ரோட்ட அடிச்சுக்க முடியாது. ஈஸ்ட்ல இருந்துட்டு சாயங்காலம் கேம்ப் ரோடு சிக்னல்ல நின்னு பாருங்க, அப்புறம் சொல்லுங்க 😄

ஏரிக்கரை:
ரெண்டு பேரும் முக்கியமானத சொல்லல, அவர் கேட்டது மழை. முடிச்சூர், வரதராஜபுரம் எல்லாம் அடையாறு ஓரம் தம்பி, 2015ல அங்க போட் விட்டாங்க. அதுக்கப்புறம் ஆத்த அகலப்படுத்துனாங்க, இருந்தாலும் கனமழைன்னா இன்னிக்கும் மொதல்ல நியூஸ்ல வர்ற பேரு அதுதான், வாடகை சும்மா கம்மியாகல. அதுக்காக ஈஸ்ட் எல்லாமே மேடுன்னு நினைக்காதீங்க. சிட்லபாக்கம் ஏரி நிரம்புனா செம்பாக்கம், அங்கிருந்து நன்மங்கலம், கீழ்கட்டளை, நாராயணபுரம்னு ஒண்ணு மாத்தி ஒண்ணு போய் பள்ளிக்கரணை சதுப்புநிலத்துல விழும், அந்தக் கால்வாய் போற வழியில நிக்கிற தெருவெல்லாம் மழைக்கு ஏரி தான். ஈஸ்ட் வெஸ்ட் பாக்காதீங்க, தெருவ பாருங்க. கேட்டுக்கிட்ட நின்னு ரோட்டுல இருந்து வீட்டுக்குள்ள படி ஏறுதா எறங்குதான்னு பாருங்க, மேல மேல ரோடு போட்டு பழைய வீடெல்லாம் பள்ளத்துல போயிடுச்சு. காம்பவுண்டு சுவத்துல புது பெயின்ட்டு முட்டி உயரத்துக்கு மட்டும் அடிச்சிருந்தா உஷார். ஓனர்கிட்டயும் புரோக்கர்கிட்டயும் கேக்காதீங்க, தெருமுனையில அயர்ன் வண்டிக்காரர்கிட்ட 2015ல தண்ணி எதுவரைக்கும் வந்துச்சுன்னு கேளுங்க, கைய வச்சே காட்டிருவாரு.

மலைக்கோட்டைக்காரன்:
ரொம்ப நன்றிண்ணே, முடிச்சூர் வீட்ட விட்டாச்சு. ராஜகீழ்ப்பாக்கத்துல ஒண்ணு சொல்றாங்க, ஸ்டேஷன் பக்கம்தான்னு புரோக்கர் சொல்றாரு, உண்மையா?

சேலையூர்வாசி:
அவரு பக்கம்னு சொல்றது ஞாயித்துக்கிழமை கணக்கு. கேம்ப் ரோடு தாண்டித்தான் வரணும், வேலை நாள்ல காலைல எட்டரைக்கு அங்கிருந்து ஸ்டேஷனுக்கு ஒரு தடவ பஸ்ல வந்து பாத்துட்டு அட்வான்ஸ் குடுங்க. கட்டுப்படி ஆச்சுன்னா சானடோரியம் ஸ்டேஷன் ஓரமா தேடுங்க, அம்மாவுக்கும் சௌகரியம்.

ஏரிக்கரை:
👆 இதுதான். போரிங் தண்ணி உப்பான்னும் குழாய திறந்து வாயில வச்சு பாத்துக்கோங்க.