மீட்டரைத் தாண்டிய தண்ணீர்: பழைய தோட்டத்து வீடுகளில் கண்டதை எழுதுங்கள்

லயத்து ஆசிரியை, கோல சிலாங்கூர் மாவட்டம்

ரப்பராக இருந்து செம்பனையாக மாறிய தோட்டங்கள், இடையிடையே ஈயம் (வெள்ளீயம்) தோண்டி விட்டுப்போன குட்டைகள், பக்கத்தில் சிலாங்கூர் ஆறு. இதுதான் எங்கள் ஊர். கோலாலம்பூரும் கிள்ளான் பள்ளத்தாக்கும் குடிக்கும் தண்ணீரில் பெரும்பங்கு இந்த ஆற்றிலிருந்து போகிறது. ஆற்றோரத்திலேயே பிறந்து வளர்ந்த சனங்களோ, விடிந்ததும் குழாயைத் திறந்தால் தேநீர் நிறத்தில் வருவதைத்தான் வாளியில் பிடிக்கிறார்கள்.

2020 செப்டம்பரில் ரவாங் பக்கம் கோங் ஆற்றில் கழிவு கலந்து நாற்றம் எடுத்தது. சிலாங்கூர் ஆற்றை நம்பியிருந்த நான்கு சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடினார்கள். நாடே பேசியது, பேசவும் வேண்டும். ஆனால் லயத்து வீட்டுக்குள், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டுக்குள், ஓடும் குழாயைப் பற்றி எவரும் வாய் திறப்பதில்லை. லயத்தில் வீட்டுக்கு வீடு மீட்டர் கிடையாது. தோட்டத்து முகப்பில் ஒரே ஒரு பெரிய மீட்டர். அதுவரை வரும் தண்ணீருக்குத்தான் விநியோகிப்பவர் பொறுப்பு. அதற்கு இந்தப் பக்கம் மண்ணுக்குள் ஓடும் குழாய் தோட்டத்துடையது. தோட்டம் கைமாறிவிட்டது. புதிய நிர்வாகத்திடம் கேட்டால், அந்தக் குழாய் எங்கே போகிறது என்பதற்கு வரைபடமே இல்லை என்கிறார்கள்.

தோட்டத் தொழிலாளிக்கு இலவசமாகவும் போதுமான அளவிலும் குழாய்த் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்று 1990ஆம் ஆண்டு வீட்டு வசதிச் சட்டம், அதாவது சட்டம் 446, முதலாளியின் மீது கடமை விதிக்கிறது. சட்டம் வேலையில் இருப்பவரைப் பற்றிப் பேசுகிறது. முப்பது நாற்பது வருடம் பால் வெட்டி ஓய்வு பெற்று, போக வேறு வீடில்லாமல் அதே லயத்தில் தங்கிவிட்ட பாட்டிமார்களின் குழாய்க்கு யார் பொறுப்பு? இந்தக் கேள்விதான் என்னை எழுத வைத்தது. உங்கள் பக்கம் என்ன பார்த்தீர்கள், என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள்.

குழாய் வேலைக்காரர், சுங்கை சிப்புட்

ஆசிரியை அவர்களே, நல்ல காரியம் செய்தீர்கள். தோட்டத்து லயங்களிலும் ஊருக்குள் இருக்கும் பழைய கடை வீடுகளிலும் குழாய் மாற்றுவதுதான் என் பிழைப்பு. அறுத்தெடுத்த ஒரு துண்டைப் பட்டறையில் வைத்திருக்கிறேன். அரை அங்குல இரும்புக் குழாய். வெளியே பார்த்தால் சாம்பல் நிறம், குறை சொல்ல முடியாது. வாயருகே கண் வைத்துப் பார்த்தால் உள்ளே முழுவதும் கருஞ்சிவப்புக் கட்டிகள். நடுவில் ஒரு பென்சில் நுழையும் அளவுக்குத்தான் வழி. விரலால் தேய்த்தால் ஈரமான துரு ஒட்டிக்கொண்டு வருகிறது. அதன் வழியாக வந்த தண்ணீரைத்தான் ஒரு குடும்பம் சோறு பொங்கிக் குடித்தது.

துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய் அது. பூச்சு கரைந்ததும் இரும்பு தண்ணீரைத் தொடுகிறது, துரு பிடிக்கிறது. செந்நிறத்துக்குக் காரணம் அதுதான். இரும்பு துணியைக் கெடுக்கும், வாயில் கசக்கும், ஆனால் அதைக் கண்டு நான் பெரிதாகப் பயப்படுவதில்லை. பயப்பட வேண்டியது காரீயத்துக்கு. பழைய துத்தநாகப் பூச்சிலேயே காரீயம் கலந்திருந்தது. பித்தளைக் குழாய்த் தலையிலும், மூட்டுகளைப் பற்ற வைத்த பற்றாசிலும் இருந்தது. துருக் கட்டி அதைப் பிடித்து வைத்துக்கொண்டு, தண்ணீர் நின்று மறுபடி வேகமாகப் பாயும்போது உதிர்த்துவிடுகிறது. காரீயத்துக்கு நிறமில்லை, மணமில்லை, ருசியுமில்லை. ஒரு லிட்டருக்கு 0.01 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது நம் சுகாதார அமைச்சு வைத்திருக்கும் அளவு. அதைக் கண்ணாலோ நாக்காலோ கண்டுபிடிக்க எவராலும் முடியாது.

சோதிக்கக் கொடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பகலில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் குழாயில் பிடித்த ஒரே போத்தலைக் கொண்டுபோய்க் கொடுத்தால் உண்மை தெரியாது. ராத்திரி முழுக்க, ஆறு மணி நேரமாவது, வீட்டில் யாரும் குழாயைத் தொடாமல் இருக்க வேண்டும். விடிந்ததும் முதலில் விழும் ஒரு லிட்டரை அப்படியே பிடியுங்கள். பிறகு சில நிமிடம் ஓடவிட்டு இன்னொன்று. முதல் போத்தலில் காரீயம் இருந்து இரண்டாவதில் இல்லையென்றால் குற்றவாளி உங்கள் வீட்டுக்குள் இருக்கும் குழாய். இரண்டிலும் இருந்தால் வெளியே தேட வேண்டும். இந்த வித்தியாசம் கையில் இருந்தால்தான் நிர்வாகத்திடம் பேச முடியும்.

தண்ணீர் பால் போல் வெளுத்து வருகிறது என்று சிலர் பதறுகிறார்கள். கிளாசில் பிடித்து வையுங்கள். அடியிலிருந்து மேலாகத் தெளிந்தால் அது வெறும் காற்று.

மருந்தடித்தவர் மகள், இப்போது கிள்ளானில்

நான் குழாயைப் பற்றிச் சொல்லப்போவதில்லை, தோம்பைப் (பீப்பாயை) பற்றிச் சொல்கிறேன். தண்ணீர் தடைபடும் என்று அறிவித்தால் எங்கள் லயத்தில் எல்லாரும் தேடி ஓடுவது நீல நிறப் பிளாஸ்டிக் தோம்புக்குத்தான். அவை தோட்டத்து ஸ்டோரிலிருந்து வந்தவை. புல்லுக்கு அடிக்கும் மருந்து வந்த தோம்புகள். சவுக்காரம் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்து, அதில் தண்ணீர் பிடித்துச் சமைத்தோம். மருந்துக் கலத்தை மூன்று தடவை அலசி, மறுபடி எதற்கும் பயன்படாதபடி ஓட்டை போட்டு ஒப்படைக்க வேண்டும் என்பதுதான் முறை. ஸ்டோரில் அதைச் சொன்னவர் யாருமில்லை.

அம்மா பாராகுவாட் என்ற களைக்கொல்லி அடித்தவர். முதுகில் பம்பு, காலில் சாதாரண ரப்பர் செருப்பு. நகங்கள் நிறம் மாறி உதிர்ந்தன. வேலை முடிந்து வந்து கழற்றிய சட்டையை எங்கள் பள்ளிச் சீருடையோடு ஒரே வாளியில்தான் ஊறவைப்பார். நம் நாட்டில் பாராகுவாட்டைத் தடுப்பதாக 2002இல் அறிவித்தார்கள், 2006இல் தளர்த்தினார்கள், கடைசியில் 2020 ஜனவரி 1 முதல்தான் முற்றாக நிறுத்தினார்கள். இடையில் போன வருடங்களில் மருந்தடித்தவர்கள் பெரும்பாலும் பெண்கள், அதிலும் நம் பெண்கள். அதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் அடங்கவில்லை.

பாராகுவாட் போனாலும் வேறு மருந்துகள் அடிக்கிறார்கள். தோம்புகளும் லயத்துக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன. தண்ணீர் பிடிக்க உணவுக்கென்று விற்கும் கலத்தை வாங்குங்கள். மூடியும் இருக்கட்டும், திறந்து கிடந்தால் ஏடிஸ் கொசு முட்டையிடும்.

செம்பனை ஓட்டுநர்

எங்கள் தாத்தா இதே துருத் தண்ணீரைக் குடித்து எண்பது வயதுக்கு மேல் இருந்தார். இப்போது எதற்கெடுத்தாலும் பயம் காட்டுகிறீர்கள். கொதிக்க வைத்துக் குடித்தால் எல்லாம் சரியாகிவிடும்.

ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர்

தம்பி, தாத்தா நீண்ட நாள் இருந்தது சந்தோஷம். ஆனால் காரீயத்துக்கு முதல் பலி தாத்தா அல்ல, கைக்குழந்தை. அதன் மூளை வளர்ச்சியைத்தான் பாதிக்கும். இவ்வளவு வரை பாதகமில்லை என்று சொல்லும்படியான அளவே கிடையாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், அதற்காகக் கட்டாயம் கொதிக்க வையுங்கள். காரீயமும் ஆர்செனிக்கும் கொதியில் போகாது. தண்ணீர் ஆவியாகிக் குறையக் குறைய, மிச்சத்தில் அவற்றின் அடர்த்தி கூடத்தான் செய்யும்.

பீங்கான் வடிகட்டி மண்ணையும் துருவையும் நிறுத்தும், கரைந்திருக்கும் உலோகத்தை நிறுத்தாது. கரி வடிகட்டி குளோரினை எடுத்துவிடும், அதனால் உரிய காலத்தில் மாற்றாவிட்டால் அதற்குள்ளேயே கிருமி வளரும். காரீயத்துக்கென்று சோதித்துச் சான்று பெற்றதா என்று கேட்டு வாங்குங்கள். கையில் காசு இல்லாதவர்களுக்கும் வழியுண்டு: காலையில் முதல் தண்ணீரைச் செடிக்கும் கழிவறைக்கும் விடுங்கள், தண்ணீர் குளிர்ந்து வந்த பிறகு சமையலுக்குப் பிடியுங்கள். ஹீட்டரில் வரும் சூடான தண்ணீரில் குழந்தைக்குப் பால் கலக்காதீர்கள், சூட்டில் உலோகம் அதிகமாகக் கரையும்.

ஈயக்குட்டைத் தண்ணீரை எந்தக் காரணத்துக்கும் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். தெளிந்திருக்கிறது என்று நம்பவும் வேண்டாம், கரைந்த ஆர்செனிக் கண்ணுக்குத் தெரியாது.

கூரை மாற்றியவர், ஈஜோக்

எங்கள் லயத்துக் கூரை ஆஸ்பெஸ்டாஸ் தகடு. பெரிய காற்றில் இரண்டு தகடுகள் உடைந்தன. பையன்கள் ரம்பத்தால் அறுத்துக் கோழிக்கூட்டுக்கு வைத்துக்கொண்டார்கள். அந்தத் தூசிதான் ஆபத்து. நுரையீரலுக்குள் போனால் இருபது முப்பது வருடம் கழித்துத்தான் நோய் தலைகாட்டும். உடையாமல் கிடக்கும் தகட்டைச் சும்மா விடுங்கள். உடைந்ததைத் தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டு எடுங்கள். ரம்பம் வேண்டாம், உலர்ந்த விளக்குமாறும் வேண்டாம். ஆஸ்பெஸ்டாஸ் கழிவு பட்டியலிட்ட கழிவுகளில் சேர்ந்தது, சாதாரணக் குப்பையில் போடக்கூடாது.

தெருவடியிலும் ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்டுக் குழாய்தானே என்று பலர் கேட்கிறார்கள். ஆம், நாட்டில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் இன்னும் இருக்கிறது. குடிப்பதால் நோய் வரும் என்பதற்கு உறுதியான சான்றில்லை என்றுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதன் பெரிய தொல்லை அடிக்கடி உடைவது. உடைந்து அழுத்தம் குறைந்தால் வெளியே இருக்கும் சேறு உள்ளே இழுபடுகிறது.

லயத்து ஆசிரியை

எல்லாருக்கும் நன்றி. குழாய் வேலைக்கார அண்ணன் சொன்ன இரண்டு போத்தல் முறையை அப்படியே எடுத்துக்கொள்கிறோம். கைக்குழந்தை இருக்கும் வீடுகளிலும் கர்ப்பிணிகள் இருக்கும் வீடுகளிலும் முதலில் பிடிக்கப் போகிறோம். குடிநீர்த் தரத்தைக் கண்காணிக்கும் திட்டத்தைச் சுகாதார அமைச்சு 1983 முதல் நடத்தி வருகிறது. ஆகவே மாவட்ட சுகாதார அலுவலகத்துக்கும், சட்டம் 446ஐக் குறிப்பிட்டுத் தொழிலாளர் இலாகாவுக்கும் ஒரே கடிதத்தின் நகலை அனுப்புகிறோம். வேலையில் இருப்பவர்கள் ஒரு பக்கம், ஓய்வு பெற்றவர்கள் இன்னொரு பக்கம் என்று இரண்டு கையெழுத்துத் தாள்கள் போடாமல், ஒரே தாளில் வீட்டு எண் வரிசைப்படி வாங்குகிறோம். குழாய் இரண்டு வீட்டுக்கும் ஒன்றுதானே.

மருந்துத் தோம்பு வைத்திருப்பவர்கள் அதைக் கோயில் திடலில் கொண்டுவந்து வையுங்கள், மொத்தமாக ஸ்டோரில் திருப்பி ஒப்படைப்போம். மாற்றுக் கலம் வாங்க முடியாத வீடுகளுக்குப் பணம் திரட்டுகிறோம். கிள்ளானில் இருக்கும் தங்கை, உங்கள் அம்மாவோடு வேலை செய்த பெண்கள் இங்கே இன்னும் சிலர் இருக்கிறார்கள். உடல்நிலையைப் பற்றி எழுதித்தர அவர்கள் தயாராக இருக்கிறார்கள். நீங்கள் வந்து உட்கார்ந்து எழுதிக்கொண்டால் நன்றாக இருக்கும்.