சங்கக்கடையில் அளந்து கொடுப்பதா, அவரவர் வாங்கி வைப்பதா?

கனகராயன் (கிளிநொச்சி), 25 மார்ச் 2020

கொரோனாவுக்காகப் போட்ட ஊரடங்கை நேற்றுக் காலை 6 மணிக்குத் தளர்த்தினார்கள். 20ஆம் திகதி வெள்ளி மாலையிலிருந்து வீட்டுக்குள் கிடந்த சனம் முழுவதும் ஒரே நேரத்தில் நகருக்கு வந்து சேர்ந்தது. டிப்போச் சந்தியிலிருந்து கரடிப்போக்குச் சந்தி வரை மோட்டார் சைக்கிளை நிறுத்தவும் இடமில்லை. வாகனத்தோடு வந்தவர்கள் அரிசியையும் மாவையும் சீனியையும் மூடைக்கணக்கில் ஏற்றினார்கள். பத்து மணிக்குள் பருப்பு முடிந்துவிட்டது. பிறகு மா, அதற்கும் பிறகு பால்மா. அக்கராயனிலிருந்தும் கோணாவிலிலிருந்தும் சைக்கிளில் வந்தவர்கள், கையில் காசு இருந்தும் வெறும் பையோடு திரும்பினார்கள். அதைக் கண்ணால் பார்த்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆகவே ஒரு யோசனையை முன்வைக்கிறேன். ஒவ்வொரு பிரிவிலும் குடும்பங்களின் பட்டியல் விதானையாரிடம் (கிராம அலுவலரிடம்) இருக்கிறது. பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்துக்குச் சங்கக்கடை என்று கிளைகள் இருக்கின்றன. ஒரு குடும்பத்துக்கு வாரத்துக்கு இவ்வளவு அரிசி, இவ்வளவு பருப்பு, மா, சீனி, தேங்காய் எண்ணெய் என்று சங்கக்கடை அளந்து விற்கட்டும். நகரக் கடைகள் தனி ஆளுக்கு மூடையாக விற்பதை நிறுத்தட்டும். ஆறு மாதத்துக்குச் சேர்த்து வைக்கிறவர் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பங்கையும் தூக்கிக்கொண்டு போகிறார். அதைப் பேராசை என்று சொல்ல நான் தயங்கமாட்டேன்.

வற்றாப்பளை அக்கா (முல்லைத்தீவு), 25 மார்ச் 2020

தம்பி, உங்கள் கோபம் விளங்குகிறது. பேராசை என்று சொன்னதை மட்டும் ஏற்கமாட்டேன். நானும் நேற்று முள்ளியவளைக்குப் போய் இரண்டு மூடை அரிசி வாங்கியவள்தான்.

1990களில் போரின்போது அரசு போட்ட பொருளாதாரத் தடையில் பெட்ரோல், பேட்டரி, சீமெந்து, யூரியா ஒன்றையும் வன்னிக்குள் விடவில்லை. சவர்க்காரம் கிடைக்காமல் பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்தோம். சீனி இல்லாமல் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேநீர் குடித்தோம். மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. 2002இல் ஏ9 பாதை திறந்தது. 2006 ஆகஸ்டில் முகமாலையில் மறுபடி மூடினார்கள். 2009இல் மாத்தளனிலிருந்து முள்ளிவாய்க்கால் வரை நாங்கள் போன வழியை இங்கே எழுதத் தேவையில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன்: அரிசியைக் கடைசி வரை காப்பாற்றிச் சுமந்துவந்த குடும்பங்கள்தான் பக்கத்துப் பதுங்குகுழியில் இருந்தவர்களுக்கும் கஞ்சி ஊற்றின. பிறகு செட்டிகுளம் இடம்பெயர்ந்தோர் முகாமில் சோற்றுக்கும் வரிசை, தண்ணீருக்கும் வரிசை.

இவ்வளவையும் கண்டவளிடம் வந்து ஊரடங்கு என்றால், அவள் முதலில் அரிசிப் பானையைத்தான் எட்டிப் பார்ப்பாள். எப்போது மூடுவார்கள், எப்போது திறப்பார்கள் என்று எங்களுக்கு ஒருவரும் ஒருநாளும் சரியாகச் சொன்னதில்லை. இப்போதும் சொல்லவில்லை.

பட்டியலைப் பற்றியும் கேட்கிறேன். மீள்குடியேறி வேறு பிரிவில் பதிவுள்ளவர்கள், உறவினர் காணியில் கொட்டில் போட்டு இருப்பவர்கள், காணிப் பிரச்சினையால் எங்குமே பதியப்படாதவர்கள், இவர்களுக்கு யார் அளந்து கொடுப்பது? பட்டியல் போட்ட ஒவ்வொரு முறையும் செல்வாக்கு உள்ளவர் பெயர் மேலே இருந்தது. இல்லாதவர் பெயர் விடுபட்டது.

மாங்குளம் கடைக்காரன், 25 மார்ச் 2020

இரண்டு பேருமே கடையின் உள்பக்கத்தைப் பார்க்காமல் கதைக்கிறீர்கள்.

17ஆம் திகதி ஜனாதிபதி பருப்புக்குக் கிலோ 65 ரூபாய், டின் மீனுக்கு 100 ரூபாய் என்று உச்ச விலை அறிவித்தார். நல்ல நோக்கம்தான். ஆனால் என் கடையில் இருந்த பருப்பு அதற்கு முன்னரே வவுனியா மொத்த வியாபாரியிடம் அதைவிடக் கூடின விலைக்கு வாங்கியது. ஒவ்வொரு கிலோவுக்கும் நட்டப்பட்டு விற்றேன். இருந்தது முடிந்தது. மறுபடி கேட்டால் மொத்த வியாபாரி பருப்பே இல்லை என்கிறார். பருப்பு வன்னியில் விளைகிற பொருளா? கனடாவிலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும் கப்பலில் வந்து, கொழும்பிலிருந்து லொறியில் வவுனியா வந்து, அங்கிருந்து என் கடைக்கு வருகிறது. இந்த வழியில் எந்த இடத்தில் நட்டம் வந்தாலும் அந்த இடத்திலேயே சாமான் நின்றுவிடும். இரண்டு மூடை அரிசி வாங்கிய அக்காவால் என் கடைத் தட்டு வெறுமையாகவில்லை. விலையை அறிவித்தவர்கள் அந்த விலைக்குச் சாமானை எங்களிடம் கொண்டுவந்து சேர்க்காததால் வெறுமையானது.

சங்கக்கடை அளந்து கொடுக்கட்டும், எனக்கு மறுப்பில்லை. அளப்பதற்கு அங்கே பருப்பு எங்கிருந்து வரும் என்று மட்டும் சொல்லுங்கள்.

கனகராயன், 25 மார்ச் 2020

அண்ணா, 17ஆம் திகதி அறிவித்த விலை பருப்புக்கும் டின் மீனுக்கும்தான். அரிசி ஏன் முடிந்தது? மா ஏன் முடிந்தது? அதற்கும் மொத்த வியாபாரிதான் காரணமா? நேற்று ஒரே ஆள் பத்து மூடை ஏற்றியதை நான் பார்த்தேன். அக்காவின் இரண்டு மூடையை நான் சொல்லவில்லை. அந்தப் பத்து மூடையைச் சொல்கிறேன். அக்கா பட்டது உண்மை. அந்த உண்மையைக் காட்டிக்கொண்டு வசதி உள்ளவர்கள் களஞ்சியம் நிரப்புவதை ஒப்புக்கொள்ள முடியாது.

குளக்கட்டு (முத்தையன்கட்டு), 26 மார்ச் 2020

வன்னியில் அரிசித் தட்டுப்பாடு என்று எழுதுவதைப் படிக்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. மழைக்காலப் பயிரான காலபோக நெல் அறுவடை முடிந்து எத்தனை நாளாகிறது? அரசு நெல்லுக்குக் கிலோ 50 ரூபாய் உத்தரவாத விலை என்றது. எங்கள் பக்கத்தில் எத்தனை பேர் அந்த விலைக்குக் கொடுத்தார்கள்? வெட்டு மெஷின் வாடகை, உரக்கடைக் கடன், அடகு வைத்த நகை எல்லாம் ஒரே நேரத்தில் கழுத்தைப் பிடிக்கும். ஈரநெல்லையே வயலோரத்தில் வைத்து, வெளியிலிருந்து வந்த லொறிக்கு விற்றுவிட்டோம். இப்போது நெல் விளைவித்தவன் கடையில் அரிசிக்கு நிற்கிறான். அந்த லொறிகள் ஏற்றிப்போன நெல் இப்போது யாருடைய களஞ்சியத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். பத்து மூடை ஏற்றியவரைப் பிறகு பார்க்கலாம்.

அது ஒரு பக்கம். வத்தகப்பழமும் பப்பாசியும் தோட்டத்தில் கிடந்து அழுகுகின்றன. தம்புள்ளைக்கு ஏற்றுகிற வாகனம் வரவில்லை. ஊரடங்கில் ஓடப் பாஸ் எடுக்க வேண்டும் என்கிறார்கள், அதை யாரிடம் எடுப்பது என்று ஒரு அலுவலகம் இன்னொன்றைக் கைகாட்டுகிறது. ஒட்டுசுட்டானில் பழம் அழுகும்போது நெடுங்கேணியில் பிள்ளைகள் மரக்கறி இல்லாமல் வெறும் சோறு தின்கின்றன. சாமான் இல்லை என்பது இல்லை. ஓரிடத்தில் இருப்பது இன்னோரிடத்துக்குப் போக விடுகிறார்கள் இல்லை. தம்பியின் சங்கக்கடை முதலில் எங்களிடம் வாங்கட்டும். நெல்லை வாங்கி ஊர் மில்லில் குற்றி, அந்த ஊருக்கே விற்கட்டும். பருப்புக்குக் கொழும்பைப் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டாம். பயறும் கௌபியும் உழுந்தும் எங்களிடம் விளைகின்றன.

அன்றாட உழைப்பு (புதுக்குடியிருப்பு), 26 மார்ச் 2020

சேர்த்து வைப்பது சரியா பிழையா என்ற விவாதம் காசு உள்ளவர்களுடையது. எனக்கு அது பொருந்தாது. நான் கச்சான் தோட்டத்தில் கூலிக்குப் போகிறவள். வேலைக்குப் போன நாள் மாலையில் அரிசி வாங்குவேன். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு வேலை இல்லை. எங்கள் ஒழுங்கையில் பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் ஆண் துணை இல்லை. எல்லோருக்கும் இதே நிலை.

கனகராயன் அண்ணா, சங்கக்கடை அளந்து *விற்கட்டும்* என்கிறீர்கள். விற்றால் நாங்கள் எதைக் கொடுத்து வாங்குவது? இத்தனை காலம் எங்களை உயிரோடு வைத்திருந்தது சந்திச் சின்னக்கடையின் கடன் கொப்பி. சங்கக்கடையில் கடன் எழுதமாட்டார்கள். எல்லாச் சாமானும் பட்டியல்படி அங்கே போய்விட்டால், சின்னக்கடை பூட்டப்படும், எங்கள் கொப்பியும் முடிந்துவிடும்.

நுண்கடன்காரர் கிழமைக்குக் கிழமை வருபவர். முச்சக்கரவண்டித் தவணைகளை ஆறு மாதம் நிறுத்தியதாக அறிவித்திருக்கிறார்கள். குழுக்கடன் எடுத்த பெண்களுக்கு அது பொருந்துமா என்று கேட்டால் எங்கள் பகுதி அலுவலர் வாய் திறக்கவில்லை. ஊரடங்கு தளர்ந்த அன்று காலையிலேயே எங்கள் குழுத் தலைவிக்குத் தொலைபேசி வந்துவிட்டது.

வற்றாப்பளை அக்கா, 26 மார்ச் 2020

தங்கச்சி, உங்கள் ஒழுங்கைக்கு என்னால் அரிசி தர முடியும். இதற்காகத்தான் வீட்டில் இருக்க வேண்டும் என்கிறேன். பட்டியலும் கையொப்பமும் அடையாள அட்டைப் பிரதியும் கேட்காமல் கொடுக்கக்கூடியது வீட்டில் இருக்கிற அரிசி மட்டும்தான்.

கனகராயன், 26 மார்ச் 2020

அக்கா, நீங்கள் கொடுப்பீர்கள். அந்தப் பத்து மூடைக்காரர் கொடுப்பாரா? நல்ல மனம் உள்ளவர் வீட்டுக்குப் பக்கத்தில் பிறந்தவருக்குக் கஞ்சி, இல்லாதவருக்குப் பட்டினி என்பது ஒழுங்கு ஆகாது. பட்டியலில் பிழை வரும் என்று பட்டியலே வேண்டாம் என்றால், பிழையைத் திருத்த ஒருவருக்கும் பொறுப்பு இல்லாமல் போய்விடும். பட்டியலைச் சங்கக்கடைச் சுவரில் ஒட்டட்டும். யாருடைய பெயர் இல்லை என்று ஊரே பார்க்கும். மாதர் சங்கமும் கமக்கார அமைப்பும் அங்கே நின்று பார்க்கட்டும். பதிவு வேறு பிரிவில் இருந்தால், இருக்கும் இடத்திலேயே சேர்க்கட்டும்.

கடன் பற்றித் தங்கச்சி சொன்னது என் யோசனையின் நடுப்பகுதியில் விழுகிற கேள்வி. சமுர்த்தி என்ற அரச வறுமை நிவாரணம் பெறும் குடும்பங்களுக்குக் கொடுப்பதாகச் சொல்லும் முற்பணத்தைச் சங்கக்கடையிலேயே பொருளாக எடுக்க வழி செய்ய வேண்டும் என்பது என் பதில்.

அன்றாட உழைப்பு, 26 மார்ச் 2020

சமுர்த்தி எங்கள் ஒழுங்கையில் எல்லோருக்கும் இல்லை. விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்பவர்கள்தான் கூடுதல்.

வெண்சீருடை (மல்லாவி), 27 மார்ச் 2020

மருத்துவமனையில் வேலை செய்கிறேன். அரிசி பற்றி மட்டுமே கதைக்கிறீர்கள். இன்னும் இரண்டு விடயங்களை யாரும் தொடவில்லை.

முதலாவது கூட்டம். யாழ்ப்பாணத்தில் 22ஆம் திகதி முதல் தொற்றாளர் உறுதிப்படுத்தப்பட்டார். பம்பைமடுவிலும் கேப்பாப்பிலவிலும் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களைத் தனிமைப்படுத்தி வைத்திருக்கிறார்கள் என்று சனம் பயப்படுகிறது. அந்த நிலையங்களில் இருப்பவர்கள் கண்காணிப்பில் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி எனக்குப் பயமில்லை. நாட்கணக்கில் பூட்டிவைத்துவிட்டுச் சில மணி நேரம் திறந்தால், முழு மாவட்டமும் ஒரே தெருவில் முதுகும் நெஞ்சும் உரசி நிற்கிறது. அதைக் கண்டுதான் பயப்படுகிறேன். மூடை வாங்குகிறவரும் ஒரு கிலோ வாங்குகிறவரும் அங்கே ஒன்றுதான். ஆகவே சங்கக்கடையோ சின்னக்கடையோ, சாமான் ஊருக்குள் போகவேண்டும், ஊர் நகருக்கு வரக்கூடாது. இந்த ஒரு காரணத்துக்காக நான் கனகராயன் அண்ணாவின் பக்கம்.

இரண்டாவது மருந்து. நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் கிளினிக் கொப்பியோடு மாதாமாதம் வருகிற முதியவர்கள் வரவில்லை. பஸ் இல்லை. துணுக்காய்ப் பக்கத்து உள்ளூர்களிலிருந்து முச்சக்கரவண்டி பிடிக்கக் காசும் இல்லை, பாஸும் இல்லை. கிளினிக் கொப்பியைக் காட்டினால் காவலரணில் விடுவார்கள் என்பதே பலருக்குத் தெரியாது. அரிசி இல்லாவிட்டால் பக்கத்து வீடு கொடுக்கும். இன்சுலின் கொடுக்காது. பட்டியல் போடுவதென்றால் மூன்று வேளைச் சோற்றுக்கு மட்டும் போடாதீர்கள். எந்த வீட்டில் யாருக்கு என்ன மருந்து, எந்தத் திகதியில் முடிகிறது என்பதையும் எழுதுங்கள்.

இன்னொன்று. மஞ்சளுக்கு அடிபடுகிறார்கள், விலை ஏறிக்கொண்டே போகிறது. வாசலில் மஞ்சள் தண்ணீர் தெளிப்பது அவரவர் நம்பிக்கை, ஆனால் அதை நம்பிச் சவர்க்காரத்தை விடவேண்டாம். இந்தக் கிருமியைச் சுற்றி ஒரு கொழுப்புப் படலம் இருக்கிறது. சவர்க்காரம் அதைக் கரைத்துவிடும். இருபது செக்கன் நன்றாகத் தேய்த்துக் கழுவினால் போதும். மஞ்சளுக்குக் கொடுக்கிற காசுக்குச் சவர்க்காரக் கட்டிகள் வாங்குங்கள்.

வற்றாப்பளை அக்கா, 27 மார்ச் 2020

மருந்துப் பட்டியலுக்கு நான் முழுச் சம்மதம், பிள்ளை. அதை நீங்கள் எழுதுங்கள், குடும்பநல உத்தியோகத்தர் எழுதட்டும். வீடு வீடாக வந்து எழுதுகிறவர் சீருடைக்காரராக இருந்தால் எங்கள் ஊரில் பாதிப் பேர் உண்மையைச் சொல்லமாட்டார்கள். எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், யாருக்கு என்ன நோய் என்று எழுதிக்கொண்டு போன தாள்கள் பிறகு எங்கே போயின என்று எங்களுக்குத் தெரியாது. வீட்டில் எத்தனை மூடை இருக்கிறது என்று எண்ண வருகிறவருக்கு நான் கதவு திறக்கப்போவதில்லை. இதில் என் எண்ணம் மாறாது, தம்பி.

குளக்கட்டு, 27 மார்ச் 2020

சங்கக்கடைத் தலைவருடன் இன்று தொலைபேசியில் கதைத்தேன். ஊருக்குள் நெல் வாங்க அவர்களுக்கு விருப்பம் இருக்கிறது, கையில் பணம் இல்லை. எங்களில் நெல் மிச்சம் வைத்திருப்பவர்கள் சிலர், சிறுபோகத்துக்கு விதைநெல்லை ஒதுக்கிவிட்டு மீதியைக் கடனுக்குக் கொடுக்க முன்வந்திருக்கிறோம். ஒரு நிபந்தனை: குற்றிய அரிசி ஒட்டுசுட்டான் பிரிவுக்குள் மட்டும் விற்கப்பட வேண்டும்.

கனகராயன், 27 மார்ச் 2020

ஐயா, இதைத்தான் எதிர்பார்த்தேன். ஆனால் உங்கள் பிரிவுக்குள் மட்டும் என்றால், வயலே இல்லாத கடற்கரைக் கிராமங்கள் என்ன செய்யும்? மீனை ஏற்ற வழியில்லாமல் அவர்கள் தொழிலுக்கே போகவில்லை. கொக்கிளாய், நாயாறுப் பக்கத்துக்கும் ஒரு பங்கு போகவேண்டும்.

குளக்கட்டு, 27 மார்ச் 2020

அதற்கு வாகனமும் பாஸும் வேண்டும். அதை நீங்கள் எடுத்துத் தாருங்கள், அரிசியை நாங்கள் தருகிறோம்.

மாங்குளம் கடைக்காரன், 28 மார்ச் 2020

எல்லாம் நல்லது. புதுக்குடியிருப்புத் தங்கச்சி கேட்ட கடன் கொப்பிக்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை. என் கடையிலும் அப்படிக் கொப்பிகள் இருக்கின்றன. நான் இன்றும் எழுதிக்கொடுக்கத் தயார். ஆனால் வவுனியா மொத்த வியாபாரி எனக்குக் கடன் எழுதுவதை நிறுத்திவிட்டார், காசு வைத்தால்தான் சாமான் என்கிறார். வங்கிக் கடனுக்கும் வண்டித் தவணைக்கும் தவணை தள்ளலாம் என்றால், என்னைப் போன்ற சின்னக்கடைக்காரன் மொத்தக் கடைக்குக் கொடுக்க வேண்டியதற்கும் ஒரு தவணை வேண்டும். இதைப் பிரதேச செயலகத்தில் எழுத்தில் கொடுக்கப் போகிறேன். கையொப்பம் இடக்கூடிய கடைக்காரர்கள் இருந்தால் புளியங்குளத்திலிருந்து முறிகண்டி வரை யாராயினும் இங்கே சொல்லுங்கள்.