பரண் அறைச் சுவர்: குளிரும் பூஞ்சையும் போகவில்லை

ஓட்டுக் கூரைக்கு அடியில் இருந்த பரணை இரண்டு வருடம் முன்பு படுக்கையறையாக மாற்றினோம். குளிர்காலத்தில் ஹீட்டரை அணைத்த ஒரு மணி நேரத்தில் அறை சில்லிட்டுப் போகிறது. கூரை சரிந்து இறங்கும் இடத்தில் இருக்கும் குட்டைச் சுவர்தான் ரொம்ப மோசம். ஸ்விட்ச் பெட்டி ஓட்டையில் விரல் வைத்தால் காற்று வீசுவது தெரிகிறது. மூலையில் கறுப்புப் பூஞ்சை வேறு.

இடுக்குகளை சீலன்ட் போட்டு அடைத்தேன். பளபளவென்று ஃபாயில் ஷீட் ஒட்டினேன், காசுக்குக் கேடு. சுவருக்குப் பின்னால் கண்ணாடிக் கம்பளி திணித்ததில் குளிர் கொஞ்சம் குறைந்தது, பூஞ்சை அசையவில்லை. கூரையைத் தாங்கும் கைமரத்தின் ஆழம் 100 மி.மீ.தான். ஓட்டுக்கு அடியில் காற்றோட்டத்துக்கு 50 விட்டால், குளிர் தடுக்கும் பலகை வைக்க மிச்சம் 50.

அந்த 50-ல் பி.ஐ.ஆர். பலகை (வெப்பம் வெளியேறாமல் தடுக்கும் கெட்டி நுரைப் பலகை), அதற்கு உள்பக்கம் குறுக்காக இன்னொரு 25 மி.மீ. பலகை, அப்புறம் ஆவித் தடுப்புத் தாள் என்று போட்டால் ஈரம் மரத்தில் தங்காமல் இருக்குமா?