படப்பிடிப்புக்கு வளவைத் திறக்கலாமா? செட்டிநாட்டு வீடுகள் குறித்து ஒரு விவாதம்

மூன்றாங்கட்டு:
செட்டிநாட்டுப் பெரிய வீடுகளை, அவற்றின் நடுமுற்றமான வளவு உட்பட, சினிமாவுக்கு வாடகைக்கு விடுவதால் அவை கெடுகின்றன என்றும், அதை அடியோடு நிறுத்த வேண்டும் என்றும் ‘கரணை’ ஐயா முன்பு எழுதியிருந்தார். கானாடுகாத்தான் பக்கத்தில் அப்படியொரு வீட்டில் பங்குள்ளவன் என்ற முறையில் இதை மறுக்கிறேன். இந்த வீடுகளைக் கட்டிய பணம் எங்கள் முன்னோர் வட்டிக்கடை நடத்திய பர்மாவிலிருந்தும் மலாயாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்தது. 1930களின் பொருளாதார மந்தமும், 1942-இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் நுழைந்ததும், 1948-க்குப் பிறகு அங்கே நிலங்கள் அரசுடைமையானதும் அந்த வரவை நிறுத்திவிட்டன. வீடு மட்டும் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் அதே நீளத்தோடு நிற்கிறது. ஐப்பசி மழைக்கு முன்பு ஓடு பிரித்து மாற்றவும், கரையானுக்கு மருந்தடிக்கவும், காவலிருக்கும் குடும்பத்துக்குச் சம்பளம் கொடுக்கவும் ஆண்டுதோறும் பணம் வேண்டும். வருமானம் இல்லாத வீடுகளின் கதி என்னவென்று அறிய விரும்புவோர் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்குப் போய்ப் பார்க்கலாம். பர்மாத் தேக்குக் கதவு நிலைகளும் தூண்களும் பீங்கான் சாடிகளும் அங்கே விலைக்கு நிற்கின்றன.

சினிமா இந்த ஊருக்கு அந்நியமும் இல்லை. ஏவி. மெய்யப்பச் செட்டியார் காரைக்குடி தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டூடியோ நடத்தி, 1947-இல் வெளியான ‘நாம் இருவர்’ படத்தை அங்கேதான் எடுத்தார்.

கரணை:
அந்த ஸ்டூடியோவை நீங்கள் துணைக்கு அழைத்ததில் எனக்கு மகிழ்ச்சியே. அது படமெடுப்பதற்கென்று கொட்டகை போட்ட இடம். அரங்கம் அமைத்தார்கள், எடுத்து முடித்ததும் பிரித்தார்கள், யாருடைய வளவும் தேயவில்லை. நான் கேட்பதும் அதைத்தான்.

சுண்ணாம்பு வேலை தெரிந்தவன் என்பதால் சுவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். செட்டிநாட்டுச் சுவரின் வழவழப்பு, நாள்கணக்கில் ஊறிப் புளித்த சுண்ணாம்பைக் கடுக்காயும் கருப்பட்டியும் சேர்த்த நீரில் அரைத்து, பூச்சின்மேல் பூச்சாக ஏற்றி, முடிவில் முட்டை வெள்ளைக்கரு கலந்த மெல்லிய படலத்தைக் கல்லால் தேய்த்துத் தேய்த்து வருவிப்பது. அந்தச் சுவர் தன்னுள் ஏறும் ஈரத்தை மெல்ல வெளியே விட்டுவிடும். காட்சிக்கு நிறம் போதவில்லை என்று அதன்மேல் எமல்ஷனையோ எனாமலையோ அடித்துவிட்டால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கும். அடுத்த மழைக்காலத்தில் உப்புப் பூத்து, வண்ணத்தோடு பூச்சும் பொரிந்து விழும். சுரண்டி எடுக்கலாமே என்பார்கள். சுரண்டினால் மேல்படலமும் கூடவே வந்துவிடும், அதை மறுபடி ஏற்றத் தெரிந்த கொத்தனார்கள் மிகச் சிலரே இருக்கிறார்கள்.

தரைக்கும் இதே நிலைதான். தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. இரும்புச் சட்டத்துக்குள் கண்ணாடியை வைத்து, அதன்மேல் வண்ண சிமெண்டுக் குழம்பைக் கையால் ஊற்றி, பின்புறம் மணலும் சிமெண்டும் இட்டு, நீரில் ஊறவைத்து எடுப்பது. வண்ணம் மேலே ஒரு மெல்லிய அடுக்கில்தான் இருக்கிறது. கேமராவை நகர்த்தும் டிராலித் தண்டவாளத்தின் உராய்வும், ஒட்டுநாடாவின் பசையைப் போக்க ஊற்றும் ஆசிட்டும் அந்த அடுக்கைத் தின்றுவிடும். உடைந்த கல்லுக்குப் பதில் புதிய கல் ஆத்தங்குடியில் இன்றும் கிடைக்கிறது, ஆனால் எழுபது எண்பது ஆண்டுகள் மிதிபட்டு எண்ணெய் ஏறிய தரையின் நடுவே அது தனியாகத் தெரியும்.

வண்ணச்சுவர்:
திரைப்படக் கலைத்துறையில் உதவியாளனாக வேலை செய்தவன் நான். எங்கள் மீதான குற்றச்சாட்டில் பாதியை ஏற்கிறேன். எங்களுக்குத் தேவையான நிறத்தை வீட்டுச் சுவரில் அடிக்க வேண்டிய கட்டாயமே கிடையாது. ஒட்டுப்பலகையில் பொய்ச்சுவர் செய்து, அசல் சுவரைத் தொடாமல் இரண்டு அங்குலம் முன்னே நிறுத்தலாம். தரையில் முதலில் மெத்தென்ற விரிப்பும் அதன்மேல் பலகையும் போட்டுத்தான் தண்டவாளம் இறக்க வேண்டும் என்பது அனுபவமுள்ள எவருக்கும் தெரியும். முன்பு வளவுக்குள் ஏற்றிய பெரிய விளக்குகளின் வெக்கையும் எல்.இ.டி. வந்தபின் குறைந்துவிட்டது. கேடு பெரும்பாலும் கடைசி இரவில்தான் நேர்கிறது. மறுநாள் வாடகையை மிச்சப்படுத்த விடிவதற்குள் சாமான்களை ஏற்றச் சொல்லுவார்கள், அப்போது கதவு நிலையில் இடிபடுவதை யாரும் குறித்துவைப்பதில்லை.

ஆனால் கரணை ஐயா ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டார். “வந்ததுதான் வந்தீர்கள், முகப்பு முழுவதற்கும் பெயிண்ட் அடித்துக் கொடுத்துவிட்டுப் போங்கள், வாடகையில் குறைத்துக்கொள்கிறோம்” என்று வீட்டுக்காரர்களே கேட்ட இடங்கள் உண்டு. அந்த எனாமலுக்கும் நாங்களா பொறுப்பு?

கோட்டையூர் ஆச்சி:
தம்பி சொல்வது உண்மைதான், நானும் பார்த்திருக்கிறேன். எனக்கு வேறொரு வருத்தமும் உண்டு. திரையில் இந்த வீடுகள் எப்போதும் அரிவாளும் ஆள்கட்டும் உள்ள பெரிய மனிதரின் வீடாகவே வருகின்றன. வட்டிக்கடைக் கணக்கும் வளவுக் கல்யாணமும் முன்னோருக்குப் படையலிடும் படைப்பும் நடந்த வீடுகள் இவை. ஒவ்வொரு மகனுக்கும் மணமானதும் வளவைச் சுற்றி ஓர் உள்வீடு ஒதுக்கினார்களே, அந்த வாழ்க்கையைக் காட்டினால் படம் ஓடாதா என்ன? வெளியூர்ப் பிள்ளைகள் என் வீட்டுத் திண்ணையில் வந்து நின்றுகொண்டு, “பஞ்சாயத்து இங்கேதான் நடக்குமா?” என்று கேட்கிறார்கள்.

மூன்றாங்கட்டு:
ஆச்சி, அதற்குக் கதாசிரியர்களைத்தான் கேட்க வேண்டும். வாடகை ஒப்பந்தத்தில் அதை எழுத முடியாது. கரணை ஐயாவுக்கு ஒரு கேள்வி. சுவர் பொரிவதும் கல் தேய்வதும் உண்மையாகவே இருக்கட்டும். கூரை ஒழுகினால் அந்தச் சுவரே நிற்காது. கூரைக்கான பணம் எங்கிருந்து வரும்? 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான தற்காலிகப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் இடம்பெற்றபோது எல்லோரும் மகிழ்ந்தோம். அந்தப் பட்டியலால் கூரையில் ஓர் ஓடுகூட மாறவில்லை. திருமயம் கோட்டையைப் போலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருந்தால் அரசு செலவு செய்யும், படமெடுக்கவும் முன் அனுமதி கேட்பார்கள். எங்களுடையது தனியார் வீடு. விடுதியாக்கலாம் என்பீர்கள். அதற்குக் குளியலறைகளுக்காகச் சுவரை உடைக்க வேண்டும், சினிமா அதைக் கேட்பதில்லை.

கரணை:
நல்ல கேள்வி, ஆனால் அந்தப் பணம் கூரைக்குத்தான் போகிறது என்ற அனுமானத்தின் மேல் அது நிற்கிறது. நான் வேலை பார்த்த ஒரு வீட்டில் படப்பிடிப்பு வாடகை வந்த அதே வாரத்தில் பங்காளிகளுக்குள் பிரிக்கப்பட்டது. நான்கு தலைமுறைப் பிரிவினைக்குப் பிறகு ஒருவர் பங்கு ஒரு குடும்பச் சாப்பாட்டுச் செலவுக்குக்கூடக் காணாது. ஒன்றாக வைத்திருந்தால் அந்த ஆண்டு வீட்டின் இரண்டாம் பகுதியான இரண்டாங்கட்டின் ஓடு முழுவதையும் மாற்றியிருக்கலாம். பிரித்தபின் ஓட்டுக்குப் பணம் கேட்டால், “நான் ஊரிலேயே இல்லையே” என்று பதில் வருகிறது.

இன்னொன்று, சினிமா எல்லா வீட்டையும் தேடிப் போவதில்லை. பளபளப்புக் குறையாமல் நிற்கும் ஒருசில வீடுகளுக்குத்தான் திரும்பத் திரும்பப் போகிறது. ஒழுகும் வீட்டுக்கு லொக்கேஷன் மேனேஜர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். ஆக, தேவையுள்ள வீட்டுக்கு வாடகை கிடைப்பதில்லை, கிடைக்கும் வீட்டின் தரைதான் தேய்கிறது.

வண்ணச்சுவர்:
இடிந்த வீட்டையும் தேடிப் போவோம் ஐயா, பேய்ப் படம் எடுக்கும்போது.

கோட்டையூர் ஆச்சி:
சிரிப்பு வருகிறது, ஆனால் அப்படி விட்ட வீட்டில்தான் தூணுக்குக் கரி பூசிவிட்டுப் போனார்கள். சுத்தம் செய்தது வீட்டைக் காவல் காக்கும் அந்தக் குடும்பம். படப்பிடிப்பு நாட்களில் இரவெல்லாம் ஜெனரேட்டர் சத்தத்தில் விழித்திருப்பவர்களும் அவர்களே. பங்காளிகள் பிரித்துக்கொண்டதில் அவர்களுக்கு ஒரு பைசாவும் போகவில்லை.

கரணை:
அடியோடு தடை என்று நான் எழுதியதை இப்போது நிபந்தனையாக மாற்றிக் கேட்கிறேன். வாடகையில் பாதியைப் பிரிப்பதற்கு முன்பே வீட்டின் பெயரில் தனிக் கணக்கில் போட வேண்டும். முன்தொகையைப் படக்குழு காலி செய்த மறுநாள் பகல் வெளிச்சத்தில் சுவரையும் தரையையும் பார்த்த பிறகே திருப்பித் தர வேண்டும். சுவரில் தூரிகை படக் கூடாது, சாமி அறையும் படைப்புப் பெட்டியும் இருக்கும் பகுதி பூட்டியிருக்க வேண்டும். காவல் குடும்பத்துக்கு நாட்கூலி தனியே தர வேண்டும். இவற்றுக்கு உடன்படாத வீடு படப்பிடிப்புக்குத் திறக்கவே கூடாது.

மூன்றாங்கட்டு:
முன்தொகை, தூரிகை, நாட்கூலி மூன்றையும் அடுத்த ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுகிறேன். அதற்கு என் கையெழுத்தும் என் சிற்றப்பா கையெழுத்தும் போதும். பாதியைத் தனிக் கணக்கில் போடுவதற்கு எல்லாப் பங்காளிகளும் சம்மதிக்க வேண்டும். மலேசியாவின் ஈப்போவில் இருக்கும் ஒருவர் கடிதத்துக்கே பதில் எழுதுவதில்லை. அவர் பங்கை நிறுத்திவைத்தால் வழக்குப் போடுவார், கொடுத்துவிட்டால் மற்றவர்களும் கேட்பார்கள். இதற்கு வழி தெரிந்த வழக்கறிஞர் யாராவது இருந்தால் எழுதுங்கள், தை மாதத்துக்கு ஒரு குழு வீடு கேட்டிருக்கிறது.