பழைய ட்ரோனுக்கு பேட்டரி இல்லை, சொந்தமாகக் கட்டலாமா?

கரும்புத்தோட்டம் (ஸ்டாங்கர், தென்னாப்பிரிக்கா):
வணக்கம். 2017-இல் வாங்கிய மடக்கு ட்ரோன். மோட்டாரும் கேமராவும் இன்னும் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் ஒரு பேட்டரி உப்பிவிட்டது. இன்னொன்றில் முழுச் சார்ஜ் என்று நாலு விளக்கும் எரிகிறது, ஆனால் மேலே ஏறிய சற்று நேரத்திலேயே இறங்கச் சொல்கிறது. அசல் பேட்டரி தயாரிப்பை நிறுத்திவிட்டார்களாம். புதுப் போனில் செயலியும் ஓட மறுக்கிறது. உப்பியதைப் பிரித்து வேறு செல் வைக்கலாமா? இல்லை, சொந்தமாகவே ஒன்று கட்டிவிடலாமா? வயலில் எங்கே தண்ணீர் தேங்குகிறது, எங்கே கரும்பு சாய்ந்திருக்கிறது என்று பார்ப்பதுதான் வேலை.

டர்பன்_பற்றவைப்பு:
உப்பியதைப் பிரிக்கவே பிரிக்காதீர்கள் அண்ணே. லித்தியம் பாலிமர், குத்துப்பட்டால் தீப்பிடிக்கும். சார்ஜும் போட வேண்டாம். அப்படியே செல் மாற்றினாலும், பல மாடல்களில் உள்ளே இருக்கும் சில்லு மின்னழுத்தம் விழுந்ததைக் கண்டு தன்னைப் பூட்டிக்கொள்ளும். மற்ற பேட்டரியில், பறக்கும்போது செயலியில் ஒவ்வொரு செல்லின் வோல்ட்டையும் பாருங்கள். ஒன்று மட்டும் தனியாகச் சரிந்தால் அதுவும் முடிந்த கதைதான். செயலிக்கு ஒரு பழைய ஆண்ட்ராய்டு போனை ஒதுக்கி, தானியங்கி அப்டேட்டை நிறுத்தி வையுங்கள்.

ஃபீனிக்ஸ்_பறவை:
கட்டுங்கள். 7 அங்குல விசிறி பொருந்தும் சட்டம், ஜிபிஎஸ், ஆர்டுபைலட் அல்லது ஐநாவ். இரண்டும் ட்ரோனைப் பறக்கவைக்கும் திறந்த மென்பொருள். கம்பெனி கைவிட்டது என்ற பேச்சே இல்லை. 21700 என்ற அளவிலுள்ள லித்தியம் அயான் செல்களில் பேட்டரி கட்டிக்கொள்ளலாம், அந்தச் செல் எல்லாருக்கும் பொது. ஒரு மோட்டார் போனால் அதை மட்டும் மாற்றினால் போதும். கடற்காற்றுக்கு மின்பலகைகளில் சிலிகோன் பூச்சு அவசியம்.

டர்பன்_பற்றவைப்பு:
தம்பி, படம் ஆடுமே, அதைச் சொல்லவில்லையே! கடை ட்ரோனில் கேமராவை ஆடாமல் பிடிக்கும் கிம்பலுக்கு ஈடாக நாம் கட்டுவது எளிதல்ல, விலையும் மிச்சமாகாது. என்னைக் கேட்டால் பழையதற்கு வேறு கம்பெனி பேட்டரி ஒன்று வாங்கி ஓட்டலாம். செயலி எச்சரிக்கை காட்டும். முதலில் தாழ்வாகப் பறந்து பாருங்கள்.

கரும்புத்தோட்டம்:
சாய்ந்த கரும்பு தெரிந்தால் போதும் ஐயா, படம் ஆடினால் பரவாயில்லை. சட்டப்படி தடை ஏதும் உண்டா?

ஃபீனிக்ஸ்_பறவை:
கட்டியதற்கும் கடையில் வாங்கியதற்கும் விதி ஒன்றுதான். பொழுதுபோக்குக்கு என்றால் எடை 7 கிலோவுக்குள், கண்ணுக்கு எட்டும் தூரத்துக்குள், பிறரிடமிருந்து 50 மீட்டர், விமான நிலையத்திலிருந்து 10 கிலோமீட்டர் தள்ளி. இதெல்லாம் சொந்த உபயோகத்துக்கு மட்டும். விளைச்சலை விற்கிறீர்கள் என்றால் வணிகமாகக் கணக்காகலாம், சிவில் விமான ஆணையத்திடம் கேட்டுவிடுங்கள்.

டர்பன்_பற்றவைப்பு:
கட்டுவதென்று முடிவானால், முதல் தடவை பேட்டரி செருகும்போது விசிறிகளைக் கழற்றிவிடுங்கள். பேட்டரிக்கும் ட்ரோனுக்கும் நடுவே ஒரு ஸ்மோக் ஸ்டாப்பர், அதாவது மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் கருவி, வையுங்கள். பற்றவைப்பில் எங்காவது ஷார்ட் இருந்தால் பலகை எரியாமல் தப்பும். லித்தியம் பாலிமரைப் பறக்காத நாட்களில் முழுச் சார்ஜில் விடாமல் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வையுங்கள். உங்கள் பழைய பேட்டரி உப்பியதும் முழுச் சார்ஜில் கிடந்ததால் இருக்கலாம்.