புதுப்பிப்பு: போகாஷி வாளியில் வந்த அழுகல் நாற்றம் நீங்கியது

போகாஷி முறையில் சமையலறைக் கழிவை நொதிக்க வைக்கும் வாளியில் அழுகல் நாற்றமும் பச்சைப் பூஞ்சையும் வருவதாக இங்கே கேட்டிருந்தேன். வழி சொன்ன அனைவருக்கும் நன்றி.

அடியில் தேங்கும் நீரை இரண்டு நாளுக்கு ஒருமுறை வடித்துவிட்டு, ஒவ்வோர் அடுக்கின் மேலும் நுண்ணுயிர் கலந்த தவிட்டைத் தாராளமாகத் தூவி, கனமான தட்டால் அழுத்திக் காற்றை வெளியேற்றச் சொன்ன யோசனையே பலன் தந்தது. சுண்ணாம்பு சேர்க்கும் யோசனையை நான் முயலவில்லை; காற்றில்லாத இடத்தில் லாக்டிக் அமில பாக்டீரியா உண்டாக்கும் அமிலம்தான் கழிவை அழுகவிடாமல் காக்கிறது, சுண்ணாம்பு அதையே முறித்துவிடும்.

இப்போது புளித்த மணமும் வெண்பூஞ்சையும் மட்டுமே உள்ளன. வெண்பூஞ்சை நல்ல அறிகுறி.

நான் எதிர்பாராதது ஒன்று: வாளி நிரம்பி, மூடி வைத்து இரண்டு வாரம் ஆன பின்னும் வாழைப்பழத் தோல் ஊறுகாய்த் துண்டுபோல் உருக்குலையாமல் இருந்தது. இம்முறையில் அதுவே இயல்பு. மட்குதல் மண்ணில் புதைத்த பிறகே நடக்கிறது. புளிப்பு வேரைத் தாக்கும் என்பதால், புதைத்த தொட்டியில் மேலும் இரண்டு வாரம் கழித்தே நாற்று நட வேண்டும். வடித்த நீரையும் 100 பங்கு தண்ணீரில் கலந்தே செடிக்கு ஊற்றுகிறேன்.